வெள்ளரிக்காய் குளிர்ச்சி தரும். இனிப்பு நீரைப் போக்குமா?

ஜொகூர் பாரு – போன வாரம் காலை ஆறு மணிக்கெல்லாம் பெரியம்மாவிடமிருந்து புலனத்தில் ஒரு செய்தி வந்தது. பச்சை நிறச் சாறு நிரம்பிய கண்ணாடிக் குவளையின் படம். வெறும் வயிற்றில் வெள்ளரிச் சாறு குடித்தால் 21 நாளில் இனிப்பு நீர் மறைந்துவிடும், சிறுநீரகக் கல் கரைந்துவிடும், இரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று அதன் கீழே எழுதியிருந்தது. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் வழக்கமான வரியும் உண்டு. பெரியம்மா பத்துப் பேருக்கு அனுப்பவில்லை. எனக்கு மட்டும் அனுப்பி, "கண்ணு, இது உண்மையா? மாத்திரையை நிப்பாட்டிறலாமா?" என்று கேட்டிருந்தார்.

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

மாத்திரையை நிறுத்தக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவோம். வெள்ளரிக்காய் நல்ல காய். ஆனால் அது உணவு; மருந்து அல்ல. உணவு என்ற அளவில் அது என்ன செய்யும், எதைச் செய்யாது, யார் அதை அளந்து சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வது நம் சமூகத்துக்குக் கட்டாயம் தேவை. காரணம் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டளவிலான விகிதம் 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனாலும் நம் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத மேசை அரிதுதான்.

தண்ணீரில்தான் அதன் பலம்

தோலோடு கூடிய 100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 95 கிராம் தண்ணீர்தான். மிச்சம் இருக்கும் ஐந்து கிராமில் மாவுச்சத்து 3.6 கிராம், நார்ச்சத்து அரை கிராம். கலோரி வெறும் 15. பொட்டாசியம் 147 மில்லிகிராம், சோடியம் 2 மில்லிகிராம், வைட்டமின் கே 16 மைக்ரோகிராம், வைட்டமின் சி மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு. வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யாவைத் தேடுங்கள். அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு 'இதில் என்னதான் இருக்கிறது' என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒன்றும் பெரிதாக இல்லாததுதான் இந்தக் காயின் நன்மை. 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கலோரியும் 28 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. தட்டில் ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெள்ளரியால் நிரப்பினால் வயிறு நிறைகிறது. சர்க்கரை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வெள்ளரி சர்க்கரையைக் கரைக்கவில்லை. சோறு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

குளிர்ச்சி என்கிறோமே, அதுவும் இந்தத் தண்ணீரால்தான். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் கோடைக்காலத்தில் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி விற்பார்கள். வியர்வையில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. அந்தக் கீற்றில் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. நம் ஊரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் தொடர்ந்து மூன்று நாள் வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. ஜொகூரில் சிகாமட் வட்டாரத்துக்கு அந்த எச்சரிக்கை புதிதல்ல. அப்படிப்பட்ட நாட்களில் குளிர்பானத்துக்குப் பதில் வெள்ளரியை நறுக்கி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது குடிநீருக்கு ஈடாகாது. வெயிலில் வேலை பார்த்தவர் தலைசுற்றி, உளறி, உடல் கொதித்துக் கிடந்தால் வெள்ளரி தேடிக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்து.

நாசி லெமாக் பொட்டலத்தில் மூன்று துண்டு

வெள்ளரிக்கு நாம் கொடுக்கும் இடம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், விடியற்காலையில் காஸ்வே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை உணவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் ஒரு நாசி லெமாக் பொட்டலம். தேங்காய்ப் பால் சோறு, சம்பால், நெத்திலி, கடலை, அரை முட்டை. ஓரத்தில் இரண்டு மூன்று வெள்ளரித் துண்டுகள். அதையும் கடைசியில் காகிதத்தோடு சுருட்டிக் குப்பையில் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாத்தே தட்டிலும் இதே கதைதான். குச்சி காலியாகும், வெள்ளரியும் வெங்காயமும் அப்படியே கிடக்கும்.

அதே 2019 ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை. சுகாதார அமைச்சு இதற்காகத்தான் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்ற தட்டு முறையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவு வகை, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதி அரைப் பங்கு காயும் பழமும். அரைத் தட்டைக் கீரையாலும் பொரியலாலும் தினமும் நிரப்ப எல்லா வீட்டிலும் நேரம் இருக்காது. வெள்ளரிக்கு அடுப்பே வேண்டாம். கழுவி நறுக்கினால் முடிந்தது.

எப்போது சாப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முக்கிய உணவுக்கு முன் கலோரி குறைந்த சாலட் சாப்பிட்டவர்கள், அந்த வேளையில் மொத்தமாக உட்கொண்ட கலோரி குறைந்தது. சிறிய தட்டு சாலட் என்றால் 7 விழுக்காடு, பெரிய தட்டு என்றால் 12 விழுக்காடு. கொழுப்பான சாஸ் ஊற்றிய சாலட்டில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. மயோனீஸ் பிரியர்கள் கவனிக்க.

நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 11 பேர்தான், சிறிய ஆய்வு. ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில். கோழியும் காய்களும் பிறகு. இன்னொரு நாள் கோழியும் காய்களும் முதலில். கால் மணி நேரம் கழித்து ரொட்டி. காய் முதலில் வந்த நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. அதில் வெள்ளரிக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை. காயும் புரதமும் முந்திக்கொண்டதுதான் காரணம். வாழை இலைச் சாப்பாட்டில் பச்சடியையும் பொரியலையும் சோறு வருவதற்கு முன்பே கொஞ்சம் காலி செய்துவிடுங்கள். வீட்டில் யாராவது கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சாறு சொல்லும் கதைகள்

இனி புலனச் செய்தியின் மூன்று வாக்குறுதிகளுக்கு வருவோம்.

இனிப்பு நீர்: வெள்ளரித் தோல், விதை ஆகியவற்றின் சாரத்தை எலிகளுக்கும் முயல்களுக்கும் கொடுத்துச் செய்த சில ஆய்வுகளில் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆய்வகத்தில் பிரித்தெடுத்த சாரம் வேறு, நம் வீட்டுச் சாறு வேறு. எலி வேறு, பெரியம்மா வேறு. வெள்ளரிச் சாற்றால் மனிதருக்கு நீரிழிவு குணமானது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. சாற்றை வடிகட்டினால் இருக்கிற கொஞ்ச நார்ச்சத்தும் சல்லடையில் தங்கிவிடும். காயை மென்று தின்பதே மேல்.

சிறுநீரகக் கல்: கல் உண்டாகும் உடல்வாகு உள்ளவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நீர் நிறைந்த வெள்ளரி அந்தக் கணக்கில் கொஞ்சம் உதவும். ஏற்கனவே உருவான கல்லை அது கரைக்காது. சித்த மருத்துவத்தில் வெள்ளரி விதை சிறுநீரைப் பெருக்கும் குளிர்ச்சிப் பொருளாகச் சொல்லப்படுகிறது. அந்த வழியில் போக விரும்புகிறவர்கள் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போகட்டும், புலனத்திடம் வேண்டாம்.

இரத்த அழுத்தம்: பொட்டாசியம் அழுத்தத்தைக் குறைக்க உதவும் என்பது சரி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் பரிந்துரைக்கிறது. 300 கிராம் எடையுள்ள ஒரு முழு வெள்ளரியைத் தின்றாலும் அதில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதைவிட வெள்ளரியோடு சேர்த்துத் தொட்டுக்கொள்ளும் உப்பைக் குறைப்பது பெரிய பலன் தரும். 2017-18-இல் நடந்த மலேசிய உப்பு ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உட்கொள்வது தெரியவந்தது. வரம்பு 5 கிராம். ஊறவைத்த வெள்ளரி இந்த இடத்தில் எதிரிக் கட்சிக்குப் போய்விடுகிறது. பர்கர் கடைகளில் தரும் உப்புநீர் வெள்ளரியில் பெரிய காய் ஒன்றிலேயே 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கலாம். நாள் வரம்பில் பாதி. விருந்துகளில் வரும் ஆச்சாரில் உப்போடு சர்க்கரையும் உண்டு. இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதிர்ப் பக்கத்திலும் கதைகள் உண்டு. வெள்ளரி சாப்பிட்டால் வெள்ளைப்படும் என்று என் மலாய்த் தோழிகள் இன்றும் ஒதுக்குகிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் நம் பாட்டிமார் குளிர்ச்சி என்று சொல்லிப் பத்தியத்தில் சேர்ப்பதில்லை. வெள்ளைப்படுதலுக்கும் வெள்ளரிக்கும் தொடர்பு இருப்பதாக மருத்துவச் சான்று எதுவும் கிடையாது. நாற்றமோ அரிப்போ நிறமாற்றமோ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். வெள்ளரியை நிறுத்திவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்காமல் சுகாதார கிளினிக்குக்குப் போக வேண்டும். பத்தியத்தைப் பற்றிப் பாட்டியோடு வாதாடும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் அந்த நாற்பது நாளில் வெள்ளரியோடு சேர்த்து எல்லாக் காயையும் நிறுத்திவிட்டால் தாய்க்கு மலச்சிக்கல் வரும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இரத்தச் சுத்திகரிப்பு செய்பவர்கள் வீட்டில்

இதுவரை சொன்னது பெரும்பாலானவர்களுக்கு. ஒரு பகுதியினருக்கு மட்டும் கணக்கு தலைகீழாக மாறும்.

மலேசியாவில் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகக் காரணம் நீரிழிவுதான். ஆகவே 'இனிப்பு நீருக்கு வெள்ளரிச் சாறு' என்ற செய்தி, பல வருட நீரிழிவுக்குப் பின் சிறுநீரகம் இழந்த ஒருவரின் கைக்கும் தவறாமல் போய்ச் சேர்கிறது.

அவருக்குப் பிரச்சினை தண்ணீர். சிறுநீரகம் வேலை செய்யாதபோது குடித்த நீர் உடம்பிலேயே தங்குகிறது. அடுத்த சுத்திகரிப்பு வரை அதைத் தாங்க வேண்டும். முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லிலிட்டர் சேர்த்து, அதற்குள் குடித்துக்கொள்ளுங்கள் என்பதே பல மையங்களில் சொல்லப்படும் கணக்கு. சிறுநீரே போகாதவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் அரை லிட்டர்தான். இப்போது அந்த 300 கிராம் வெள்ளரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 285 மில்லிலிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. ஒரு முழுக் காய் அவருடைய நாள் பங்கில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. குவளையில் ஊற்றிக் குடிக்கவில்லை என்பதால் அது கணக்கில் வராது என்று நினைப்பதுதான் ஆபத்து. கால் வீக்கம், மூச்சு முட்டல், படுத்தால் திணறல் என்று வந்து நிற்கும். பிறகு அவசரப் பிரிவு.

பொட்டாசியம் விஷயத்தில் வெள்ளரி அவ்வளவு பொல்லாதது அல்ல. 100 கிராம் வாழைப்பழத்தில் 358 மில்லிகிராம், டுரியானில் 436, இளநீரில் 250. வெள்ளரி அவற்றைவிடக் குறைவு. அதனால்தான் உணவியல் அதிகாரிகள் சிறுநீரக நோயாளிகளுக்கு நான்கைந்து துண்டு வெள்ளரியைப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். சோற்றோடு சில துண்டு என்றால் பயமில்லை. பெரிய குவளைச் சாறு என்றால் பயப்பட வேண்டும். உங்கள் அளவு என்ன என்பதை உங்கள் மையத்தின் தாதியிடமோ உணவியல் அதிகாரியிடமோ கேட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் அது மாறும்.

மலாயில் ஒரு பழமொழி உண்டு. வெள்ளரியும் டுரியானும் மோதினால், யார் மீது யார் உருண்டாலும் காயம் வெள்ளரிக்குத்தான் என்பது அதன் பொருள். எளியவன் வலியவனோடு மோதுவதற்குச் சொல்வார்கள். சிறுநீரக நோயாளியின் தட்டில் மட்டும் வெள்ளரிக்குத்தான் வெற்றி.

வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். வெள்ளரியில் இருப்பது கீரையோடு ஒப்பிட்டால் குறைவுதான். தோல் சீவினால் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் இரண்டு காய், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆட்டம் காட்டாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

கசந்தால் துப்புங்கள்

வெள்ளரியின் நுனியை வெட்டி, வெட்டிய துண்டாலேயே தேய்த்து நுரை எடுப்பது நம் வீடுகளிலும் மலாய் வீடுகளிலும் பழக்கம். கசப்பு போகும் என்பார்கள். கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற வேதிப்பொருள். பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உண்டாக்குவது. வெயிலிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வளர்ந்த காயில் அது கூடும். காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் தங்கும். ஆக, தேய்ப்பதைவிடக் காம்புப் பக்கத்தைத் தாராளமாக வெட்டி எறிவதே பலன் தரும். தேய்ப்பதால் கெடுதல் இல்லை. நானும் தேய்க்கிறேன், பழக்க தோஷம்.

அப்படியும் காய் முழுக்கக் கசந்தால் தின்னாதீர்கள். 2010-இல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர், கசந்த சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்த பின் உயிரிழந்தார். உடல்நலத்துக்காகத்தான் குடித்தார். சுரை, பூசணி, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். நஞ்சும் அதே வகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியது. கடையில் விற்கும் வெள்ளரியில் அந்த அளவு நஞ்சு வருவது மிக அரிது. ஆனால் சாற்றில் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துவிட்டால் கசப்பு நாக்குக்குத் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, அதில் இரத்தம் என்றால் உடனே மருத்துவமனை. பாகற்காயின் கசப்பு வேறு. அது அதன் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது, கழுவும்போது

நாட்டின் முக்கியக் காய்கறி மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. இங்கு விளையும் காய்கறிகள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போகின்றன. அதனால் இரவுச் சந்தையிலும் பசார் தானியிலும் நமக்குப் புதுக் காய் கிடைப்பது எளிது. கெட்டியாக, ஒரே பச்சையாக இருக்கும் நடுத்தரக் காயாகப் பாருங்கள். மஞ்சள் தட்டியது முற்றல். விதை பெருத்திருக்கும், சாம்பாருக்கு ஆகும். பொட்டலத்தில் 'மைகேப்' முத்திரை இருந்தால், விவசாயத் துறை வகுத்த நல்ல விவசாய முறைப்படி விளைந்தது என்று பொருள்.

பச்சையாகத் தின்னும் காய் என்பதால் கழுவுவதில்தான் கவனம் வேண்டும். 2015-இல் அமெரிக்காவில் மெக்சிகோவிலிருந்து வந்த வெள்ளரியால் சால்மோனெல்லா கிருமி பரவி 907 பேர் நோயுற்றார்கள். ஆறு பேர் இறந்தார்கள். இதற்கு நேர்மாறாக 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முதலில் பழி ஸ்பெயின் நாட்டு வெள்ளரி மீது விழுந்தது. விவசாயிகள் விற்க முடியாமல் காயைக் கொட்டி அழித்தார்கள். கடைசியில் குற்றவாளி முளைவிட்ட வெந்தயம் என்று தெரிந்தது.

நறுக்குவதற்கு முன்பே, தோல் சீவப் போகிறீர்கள் என்றாலும், ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் வெட்டினால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். சோப்பு வேண்டாம். பூச்சிமருந்து பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தோலைச் சீவலாம். அதோடு வைட்டமின் கே-யும் நார்ச்சத்தும் கொஞ்சம் போகும். பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெள்ளரியை வெட்டவே கூடாது. நறுக்கியதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில், அதாவது நம் ஊரில் பெரும்பாலான மதியங்களில், ஒரு மணி நேரம்தான். திருவிழாப் பந்தலிலும் திருமண விருந்திலும் தயிர்ப் பச்சடியைக் காலையிலேயே கலக்கி வைக்காமல் பந்தி தொடங்கும்போது கலக்கச் சொல்லுங்கள்.

முழுக் காயைக் குளிர்பதனப் பெட்டியின் மிகக் குளிரான பகுதியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் குழைந்து நீர் விடும். பத்து டிகிரிக்குக் கீழே வெள்ளரிக்கு ஆகாது. காய்கறித் தட்டிலோ கதவுப் பக்கத்திலோ துணியில் சுற்றி வைத்து, சில நாளுக்குள் தின்று முடித்துவிடுங்கள். கண்ணின் மேல் வைக்க இரண்டு வில்லை எடுத்தால் தப்பில்லை. வீக்கம் சற்று நேரம் குறையும், கருவளையம் போகாது.